வர்த்தகம் உங்கள் பேச்சில் வரவேண்டும்: தமிழ் பேசும் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

பத்தாவது பாராளுமன்றத்தில் ஆளும் தரப்பிலும் எதிர்த்தரப்பிலும் அமர்ந்திருக்கும் தமிழ் பேசும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் கொட்டாஞ்சேனையில் வசிக்கிறேன். புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் வெங்காயம், பருப்பு, செத்தல் மிளகாய், சீனி முதலிய உணவுப் பொருட்களை இறக்குமதி செய்து மொத்தமாக விற்கும் கடைகளுக்கு 1989ஆம் ஆண்டிலிருந்து ஆவண வேலை பார்த்து வருகிறேன். வங்கியில் எல்.சி. (இறக்குமதிப் பணத்துக்கு வங்கி தரும் உறுதிக் கடிதம்) திறப்பதும், சுங்கப் பத்திரங்களைத் தயார் செய்வதும், துறைமுகத்திலிருந்து கொள்கலனை விடுவிப்பதும் என் தொழில். பொருளியலை நான் பல்கலைக்கழகத்தில் படிக்கவில்லை. எனினும் இந்த நாட்டிலும் பிற நாடுகளிலும் தேர்தல் மேடைகளில் பேசப்படும் வார்த்தைகள், சில மாதங்கள் கழித்து, ஒரு சுங்கப் பத்திரத்தின் ஒற்றை வரியாக என் மேசைக்கு வந்து சேர்வதை 35 ஆண்டுகளுக்கும் மேலாகப் பார்த்து வருகிறேன். அந்த ஒற்றை வரியைப் பற்றி உங்களில் மிகச் சிலரே பேசுகிறீர்கள். அதனால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

வெங்காயத்தில் தொடங்குகிறேன். 2023 டிசம்பர் 8ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, இந்திய அரசு பெரிய வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. மறுநாள் காலை நான் கடைக்குப் போனபோது முதலாளி தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார். பணம் கட்டிய சரக்கு மும்பைத் துறைமுக வாசலில் நிற்கிறது. அது கப்பலில் ஏறுமா என்பது மறுமுனையில் பேசியவருக்கே தெரியவில்லை. அன்று மதியத்துக்கு முன்னரே எங்கள் தெருவில் விலை இரண்டு தடவை மாறியது. வழமையாக ஒரு மூட்டை எடுக்கும் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் பத்துக் கிலோ, ஐந்து கிலோ என்று நிறுத்து வாங்கிப் போனார்கள். மூட்டை சுமக்கும் நாட்டாமிமாருக்கு மூட்டைக் கணக்கில்தான் கூலி என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இறக்குவதற்கு மூட்டை இல்லாத நாளில் கூலியும் இல்லை. அவர்களில் வயது முதிர்ந்த ஒருவர், பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து இளமையிலேயே கொழும்புக்கு வந்தவர், அடுத்த வாரம் கைவண்டியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு என்னிடம் வந்து, "ஐயா, இந்தியாவுல எலெக்சன் எப்பங்க முடியும்?" என்று கேட்டார்.

அவர் கேட்டது முற்றிலும் சரியான கேள்வி. இந்தியாவில் வெங்காய விலை ஏறினால் ஆட்சி ஆட்டம் காணும். 1998ஆம் ஆண்டில் டெல்லி மாநிலத் தேர்தல் முடிவை வெங்காயமே தீர்மானித்தது என்று இன்றும் சொல்கிறார்கள். 2024 ஏப்ரலில் பொதுத் தேர்தல் தொடங்கவிருந்தது. நகரத்து வாக்காளரின் சமையலறையில் விலை ஏறக்கூடாது என்பதற்காகத் தடை வந்தது. அதனால் நாசிக் பக்கத்து விவசாயி நல்ல விலையை இழந்து தெருவில் இறங்கினார். அந்தப் பகுதி வாக்களிப்பதற்கு இரண்டு வாரமளவே இருந்த நிலையில், மே 4ஆம் திகதி, தடை நீக்கப்பட்டது. இடையில், சித்திரைப் புத்தாண்டு வேளையில், இலங்கைக்கென்று 10,000 தொன் விசேடமாக அனுமதிக்கப்பட்டதை நாம் நன்றியோடு ஏற்றுக்கொண்டோம். அந்த ஐந்து மாதங்களில் மகாராஷ்டிரத்து விவசாயி, டெல்லியின் இல்லத்தரசி, நான்காம் குறுக்குத் தெருவின் நாட்டாமி ஆகிய மூவரின் வாழ்க்கையும் ஒரே தேர்தல் கணக்கில் கட்டுண்டு கிடந்தது. மூவரில் ஒருவருக்கு அந்தத் தேர்தலில் வாக்கே இல்லை. உலகமயமாக்கலும் வெகுசனவாத அரசியலும் ஒன்றையொன்று தொடும் இடத்தை அந்த மாதங்களில்தான் நான் மிக அருகில் பார்த்தேன். சந்தைகள் ஒன்றாகிவிட்டன, வாக்குச் சீட்டுகள் நாடு நாடாகப் பிரிந்தே இருக்கின்றன. ஒரு நாட்டின் தலைவர் தன் வாக்காளரை மகிழ்விக்க எடுக்கும் முடிவின் செலவை, அவருக்கு வாக்களிக்கவோ அவரைத் தோற்கடிக்கவோ முடியாத வேறொரு நாட்டவர் செலுத்துகிறார்.

இதைவிடப் பெரிய அடி 2025 ஏப்ரல் 2ஆம் திகதி வந்தது. அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் உயர்த்திப் பிடித்த பட்டியலில் இலங்கைக்கு எதிரே 44 சதவீதம் என்று இருந்தது. இலங்கை அமெரிக்காவின் மீது 88 சதவீதம் சுமத்துகிறது, நாம் அதில் பாதியைத்தான் அறவிடுகிறோம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். அப்படியொரு 88 சதவீதத் தீர்வையை நான் எந்தச் சுங்கப் பத்திரத்திலும் அமெரிக்கப் பொருள் என்பதற்காக எழுதியதில்லை. அது தீர்வையே அல்ல. நாம் ஓராண்டில் அமெரிக்காவுக்கு விற்பது ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் பெறுமதியான பொருட்கள். அங்கிருந்து வாங்குவது 400 மில்லியன் டொலருக்கும் குறைவு. அந்த இடைவெளியை நாம் விற்ற தொகையால் வகுத்தால் 88 வருகிறது. நாங்கள் அதிகம் விற்றதே குற்றமாகக் கணக்கிடப்பட்டது. பின்னர் அந்த 44, முப்பதாகி, 2025 ஆகஸ்டில் 20 ஆகக் குறைக்கப்பட்டபோது நாட்டில் பலரும் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் அந்த நான்கு மாதங்கள் எப்படிக் கழிந்தன என்பதை ஆடைத் தொழிற்சாலைகளின் விடுதி அறைகளில் இருந்தவர்களிடம் கேட்க வேண்டும்.

என் மனைவியின் உறவுப் பெண் ஒருத்தி கிளிநொச்சிப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். கட்டுநாயக்க ஏற்றுமதி வலயத்துக்கு அருகில், நான்கு பேர் ஒரு அறையில் தங்கி, ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தைக்கிறாள். அடிப்படைச் சம்பளம் விடுதி வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போய்விடும். வீட்டுக்கு அனுப்புவது ஓவர்டைம் பணத்தைத்தான். அந்தச் சித்திரைப் புத்தாண்டுக்கு ஊருக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டில் ஓர் இரவு தங்கினாள். ஓவர்டைம் நின்றுவிடும் என்று லைனில் பேசிக்கொள்கிறார்களாம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தலையை நிமிர்த்தி, "மாமா, நாங்கள் தைக்கிற உடுப்பைத்தானே அவையள் போடுகினம், பிறகேன் எங்களோட கோவிக்கினம்?" என்று கேட்டாள்.

நான் அவளுக்கு அன்று இரவு சொன்ன பதிலை உங்களிடமும் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்விக்கு அமெரிக்காவைத் திட்டுவது மட்டும் பதிலாகாது. வட கரோலினாவிலும் தென் கரோலினாவிலும் தலைமுறை தலைமுறையாக நூல் நூற்ற, துணி நெய்த ஆலைகள் இருந்தன. கூலி குறைந்த நாடுகளிலிருந்து துணியும் உடுப்பும் வந்தபோதும், இயந்திரங்கள் ஆட்களின் இடத்தைப் பிடித்தபோதும், அவை ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 2000ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் சுமார் 17 மில்லியன் பேர் வேலை செய்தார்கள். 2010இல் அந்தத் தொகை 12 மில்லியனுக்கும் கீழே போய்விட்டது. 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்ததன் பலனை அந்த நாட்டின் வங்கிகளும் பெரிய நகரங்களும் அனுபவித்தன. ஆலை மூடப்பட்ட சிறு நகரத்தின் மனிதருக்கு மலிவான உடுப்பு கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. அவருடைய வேதனை பொய் அல்ல. அந்த வேதனைக்கு மருந்து கொண்டுவந்தவர்கள் குறைவு. விரலை நீட்டிக் காட்டியவர்கள் அதிகம். வெகுசனவாதம் என்று நான் சொல்வது இதைத்தான்: உண்மையான காயத்தை எடுத்துக்கொண்டு, அதற்குக் காரணம் அயலான் என்று பெயர் சூட்டி, ஒரே கையெழுத்தில் எல்லாம் தீரும் என்று வாக்குறுதி கொடுப்பது.

அந்தப் போலி மருந்தை நாம் இந்த நாட்டில் பல தடவை குடித்திருக்கிறோம். அதைத்தான் உங்களோடு சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன், ஏனென்றால் தமிழ் பேசும் மக்களின் அரசியலில் வர்த்தகத்துக்கு ஏன் இடமில்லாமல் போனது என்பதற்கான காரணமும் அந்த வரலாற்றில்தான் இருக்கிறது.

1970 தொடக்கம் 1977 வரை ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க அரசு இறக்குமதியை இறுக்கிப் பூட்டியது. யாழ்ப்பாணத்தில் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லும் முதியவர்களை நீங்கள் சந்தித்திருப்பீர்கள். வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராததால் செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் நினைத்துப் பார்க்காத விலைக்குப் போயின. குடாநாட்டுத் தோட்டக்காரர்கள் நீர்ப்பம்பியும் உழவு இயந்திரமும் வாங்கினார்கள், மண்வீடு கல்வீடானது, மகளின் சீதனமும் மகனின் படிப்பும் அந்த மிளகாய்க் கன்றிலிருந்து வந்தன. அதே அரசு 1971இல் பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ் மாணவரிடம் கூடுதல் புள்ளி கேட்கும் தரப்படுத்தலைக் கொண்டுவந்து அந்த மகனின் படிப்பின் மீது கைவைத்தது வேறு கதை. ஆனால் அதே பூட்டிய கதவின் மறுபக்கத்தில் மலையகம் இருந்தது. அரிசியை ஊருக்கு ஊர் கொண்டுசெல்லக் கட்டுப்பாடு, பங்கீட்டில் வெட்டு, மாவுக்கும் பாணுக்கும் வரிசை, அதோடு 1973இல் உலகச் சந்தையில் எண்ணெயும் தானியமும் ஏறிய விலை. தன் நிலத்தில் ஒரு பிடி நெல் விதைக்க முடியாத, கடையில் வாங்கியே உண்ண வேண்டிய தோட்டத் தொழிலாளர்கள் மீது இவை அனைத்தும் ஒன்றாக இறங்கின. 1973இலும் 1974இலும் தோட்டங்களில் பட்டினியும் அதைத் தொடர்ந்த நோயும் எத்தனை உயிர்களைக் கொண்டுபோயின என்பதை இறப்புப் பதிவேடுகளே சொல்கின்றன. தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டபோது விரட்டப்பட்ட குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் நடந்தன.

நான் மேலே சொன்ன பெண்ணின் பாட்டனும் பாட்டியும் அப்படி நடந்தவர்கள்தான். அவர்களுடைய முன்னோர் கோப்பிக்கும் தேயிலைக்குமாகக் கடல் கடந்து கொண்டுவரப்பட்டவர்கள். இலண்டன் சந்தையின் தேவைக்காக ஒரு மலையின் காடே அழிக்கப்பட்டு, ஒரு மக்கள் கூட்டமே இடம் பெயர்க்கப்பட்டது. அவர்கள் வளர்த்த தேயிலை ஈட்டித் தந்த அந்நியச் செலாவணியில் இந்த நாடு அரிசி வாங்கி உண்டது, ஆனால் சுதந்திரம் வந்த 1948இலேயே பிரஜாவுரிமைச் சட்டத்தால் அவர்கள் வெளியே தள்ளப்பட்டார்கள். இப்போது அதே குடும்பத்தின் பேத்தி அமெரிக்கச் சந்தைக்குத் தைக்கிறாள். உலகமயமாக்கல் என்பது 1977இல் ஜே.ஆர். ஜயவர்தன திறந்துவிட்ட கதவு என்று நம் பேச்சாளர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தக் குடும்பம்தான் நினைவுக்கு வரும்.

ஆக, ஒரே மூடிய பொருளாதாரம் தமிழரில் ஒரு பகுதியினருக்குக் கல்வீடு கொடுத்தது, இன்னொரு பகுதியினரைப் பட்டினி போட்டது. 1977இல் கதவு திறந்தபோது நிலைமை தலைகீழானது: குடாநாட்டு மிளகாயின் விலை விழுந்தது, புறக்கோட்டை வியாபாரிகள் இறக்குமதி அனுமதியான பெமிட்டுக்காக அமைச்சர் வீட்டு வாசலில் நிற்கத் தேவையில்லாமல் தலை நிமிர்ந்தார்கள். யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்கு இறக்குமதி வரி வேண்டும், நான்காம் குறுக்குத் தெருவுக்கு அது வேண்டாம், தோட்டத் தொழிலாளிக்கு மலிவான மா வேண்டும், ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணுக்கு அமெரிக்கக் கதவு திறந்திருக்க வேண்டும். இவை ஒன்றோடொன்று மோதுகின்றன. இந்த மோதலைப் பேசித் தீர்ப்பது கடினம் என்பதால், வர்த்தகத்தை நம் கட்சிகள் பேசாமலே விட்டுவிட்டன என்று நான் நினைக்கிறேன். விட்ட இடத்தைப் பிறர் நிரப்பினார்கள்.

எப்படி நிரப்பினார்கள் என்பதற்கு நானே சாட்சி. 1983 ஜூலை 25ஆம் திகதி, திங்கட்கிழமை, எனக்குப் பன்னிரண்டு வயது. என் தந்தையார் கணக்கெழுதிய கடை உட்படப் புறக்கோட்டையில் தமிழர் கடைகள் எரிந்தன. எரிந்த சீனி தார்போல உருகி வடிகானில் ஓடி இறுகியிருந்ததை இரண்டு வாரம் கழித்து அவரோடு போய்ப் பார்த்தேன். அந்த வன்செயலுக்குப் பல வேர்கள் உண்டு. அவற்றுள் ஒன்று வர்த்தகம் சார்ந்தது என்று இந்நாட்டுச் சமூகவியலாளர்கள் அப்போதே எழுதினார்கள்: பெமிட் முறையில் அரசின் தயவால் வளர்ந்த சிங்கள வணிகர் சிலர் திறந்த சந்தையில் நிலைகுலைந்தார்கள், தயவின்றியே தொழில் செய்து பழகிய தமிழ், முஸ்லிம் வணிகர்கள் தாக்குப்பிடித்தார்கள், அந்தக் கசப்பை இனக் கோபமாக மாற்றுவது எளிதாக இருந்தது.

1987ஆம் ஆண்டின் இந்திய இலங்கை ஒப்பந்தத்தின் பின்னர் இந்தியப் பொருட்களை விற்கக்கூடாது என்று ஜே.வி.பி. என்ற இடதுசாரிக் கிளர்ச்சி இயக்கத்தின் பெயரால் மரண அச்சுறுத்தல் வந்தபோது நான் கடையில் எடுபிடியாகச் சேர்ந்திருந்தேன். சாக்குகளில் இருந்த இந்திய முத்திரைகளைச் சாயம் பூசி மறைத்தது என் முதல் வேலைகளில் ஒன்று. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1939இல், வேலையின்மைக்கு இந்தியரே காரணம் என்று சொல்லி அரசுத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு இருந்த இந்தியத் தொழிலாளர்கள் நீக்கப்பட்டார்கள். 2013இல் ஹலால் இலச்சினைக்கு எதிரான இயக்கம் தொடங்கி, 2018 மார்ச்சில் திகன, 2019 மே மாதத்தில் மினுவாங்கொடை என்று அதே மொழி முஸ்லிம் கடைகளின் கதவைத் தட்டியது. அயலான் பொருளை வெறுக்கும் அரசியல் இந்த நாட்டில் எப்போது எழுந்தாலும், சில காலத்துக்குள் அது பக்கத்துக் கடைக்காரனைத் தேடி வந்திருக்கிறது. வர்த்தகக் கொள்கை நம்முடைய விடயம் அல்ல என்று தமிழ் பேசும் எந்த உறுப்பினரும் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

அண்மைக் கதைக்கு வருகிறேன். 2019 நவம்பரில் ஆட்சிக்கு வந்தவர்கள் சில நாட்களுக்குள் பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள். மேடையில் கைதட்டல் வாங்கிய வாக்குறுதி அது. வருமானம் வற்றியது. அதன் பின் தேசிய உற்பத்தியின் பெயரால் இறக்குமதித் தடைகள் வந்தன. மஞ்சள் தடையை எங்கள் தெரு மறக்காது. கிலோக் கணக்கில் விற்ற பொருளைப் பத்துக் கிராம் பொட்டலமாகக் கட்டி விற்றோம். தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் கடலோரம் கள்ளமாக வந்த மஞ்சளைப் பிடித்து எரித்தார்கள். உள்ளூர் விவசாயி தேவைக்கேற்ப விளைவிக்கும் முன்னரே பதுக்கியவர் இலாபம் எடுத்துவிட்டார். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை ஒரே வர்த்தமானியில் தடை செய்யப்பட்டது. நவம்பரில் அது விலக்கப்பட்டபோது பெரும்போகத்தின் பாதிக் காலம் போய்விட்டது. டொலரை 200 ரூபாவில் பிடித்து வைத்தபோது மத்திய கிழக்கிலிருந்து வரும் உழைப்பு வங்கியைத் தவிர்த்து உண்டியல் வழியாக வந்தது, எல்.சி. திறக்க டொலர் இல்லை என்று வங்கி முகாமையாளர்கள் எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த நாட்களில் துறைமுகத்தில் நின்ற பருப்புக்கு நாங்கள் கட்டிய தாமதக் கட்டணமும் பருப்பு விலையில்தான் சேர்ந்தது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது.

இவை அனைத்துக்கும் பொதுவான ஒன்று உண்டு, அதை என் மேசையிலிருந்து பார்த்தால் மிகத் தெளிவாகத் தெரியும்: திடீர்த்தன்மை. இறக்குமதி உணவுப் பொருட்கள் மீது விதிக்கப்படும் விசேட வியாபாரப் பண்ட அறவீடு என்பது 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருவது. அமைச்சர் வர்த்தமானி வெளியிட்ட கணத்திலிருந்தே கிலோவுக்கு இத்தனை ரூபா என்பது மாறிவிடும். பாராளுமன்றத்தின் அங்கீகாரம் பின்னர்தான் கேட்கப்படுகிறது. 2020 ஒக்டோபர் 13ஆம் திகதி சீனி மீதான அறவீடு கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாக இறங்கியது. அரசு வருமானத்தை இழந்தது, வாங்குபவரின் பையில் அந்த 50 ரூபா வந்து சேரவில்லை, அதை உங்கள் சபையின் அரசாங்க நிதி பற்றிய குழு பின்னர் ஆராய்ந்தது. முதல் நாள் பழைய வீதத்தில் பத்திரம் போட்டவர் நட்டப்பட்டார், மறுநாள் போட்டவர் பிழைத்தார். இன்றிரவு என்ன மாறப்போகிறது என்பதை முன்கூட்டி அறிந்தவருக்கு வியாபாரம் பொன்னாகும், அறியாதவருக்கு அது சூதாட்டமாகும். ஒரு தலைவர் மக்களுக்காக உடனே முடிவெடுத்தார் என்று மேடையில் பாராட்டப்படும் வேகம், தெருவில் இப்படித்தான் வந்து இறங்குகிறது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும் திறந்துவிட்டால் நாடு தானாகச் செழிக்கும் என்போரின் கட்சியிலும் நான் இல்லை. 2000ஆம் ஆண்டில் நமது ஏற்றுமதி மொத்த உள்நாட்டு உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலாக இருந்தது. அடுத்த பத்து ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்களவுக்கு இறங்கியது. இந்த இறக்கம் கவலைக்குரியது. ஆனால் திறந்தபோதும் பலனைப் பகிரும் ஏற்பாட்டை நாம் செய்யவில்லை. 2010இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற தீர்வைச் சலுகை மனித உரிமைக் காரணங்களால் பறிபோனதும், 2017இல் அது திரும்பி வந்ததும், தொழிற்சாலை உரிமையாளர் சங்கங்களின் பேச்சாகவே இருந்தன. தைக்கும் பெண்ணிடம் எவரும் அதை விளக்கவில்லை. சிங்கப்பூருடன் 2018 ஜனவரியில் கையெழுத்தான வர்த்தக உடன்படிக்கையை ஆராய ஜனாதிபதி ஒரு நிபுணர் குழுவை நியமித்ததோ கையெழுத்திட்டுச் சில மாதங்கள் கழித்து. மறைத்துச் செய்யப்படும் திறப்பு, அடுத்த தேர்தலில் அதைச் சாத்துவேன் என்பவருக்கே வாக்குச் சேர்க்கிறது. இந்தியாவுடன் 2000ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த சுதந்திர வர்த்தக உடன்படிக்கையை விரிவாக்கும் பேச்சு இருபது ஆண்டுகளாக இழுபடுவதற்கும் பாதிக் காரணம் இந்த நம்பிக்கையின்மைதான்.

இனி, உங்களிடம் நான் கேட்பது என்ன என்பதைச் சொல்கிறேன். உங்களில் பலர் இப்போது ஆளும் தரப்பில் இருக்கிறீர்கள். 2024 நவம்பரில் 159 ஆசனங்களோடு வந்த, ஜே.வி.பி. தலைமையிலான தேசிய மக்கள் சக்தி என்ற அந்தத் தரப்புக்கு யாழ்ப்பாணமும் மலையகமும் வாக்களித்தன. உங்கள் மூத்த தோழர்கள் ஒரு காலத்தில் இந்திய விஸ்தரிப்புவாதம் என்று பாடம் நடத்தியபோது அதில் தோட்டத் தொழிலாளரையும் சேர்த்தார்கள் என்பதை நாங்கள் மறக்கவில்லை. இன்று அதே அரசு இந்தியாவோடும் சர்வதேச நாணய நிதியத்தோடும் பேசி நடக்கும் நிதானத்தை நான் மனமார வரவேற்கிறேன். அந்த நிதானத்தைச் சட்டமாக்குங்கள். உணவுப் பொருட்கள் மீதான அறவீட்டை மாற்றுவதற்கு முன் குறைந்தது இத்தனை நாள் அறிவித்தல் தரவேண்டும் என்றும், அவசரத்தில் மாற்றினால் காரணத்தை எழுத்தில் சபைக்குத் தரவேண்டும் என்றும் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தக் கோருங்கள். குடாநாட்டு உருளைக்கிழங்குக்கும் சின்ன வெங்காயத்துக்கும், கற்பிட்டி வெங்காயத்துக்கும் அறுவடைக் காலப் பாதுகாப்பு தேவைதான். அதை ஆண்டுத் தொடக்கத்திலேயே மாதக் கணக்கோடு அறிவித்துவிட்டால் விவசாயிக்கும் தெரியும், இறக்குமதி செய்பவருக்கும் தெரியும். அந்த மாதங்களில் நாங்கள் எல்.சி. திறக்கமாட்டோம். அறுவடை முடிந்து வியாபாரியின் களஞ்சியத்துக்குப் போன பின்னர் வரி கூட்டப்படும்போது இலாபம் யாருக்கு என்பதை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

எந்த நாட்டோடு எந்த உடன்படிக்கையானாலும், கையெழுத்துக்கு முன்னர் அதன் வரைவு தமிழிலும் சிங்களத்திலும் வெளிவர வேண்டும் என்று ஆளும் தரப்பு, எதிர்த்தரப்பு இரண்டும் சேர்ந்து கேளுங்கள். மீன்பிடி பற்றிய விதி மன்னார் மீனவருக்கும், தேயிலை பற்றிய விதி ஹட்டன் தொழிலாளிக்கும் அவரவர் மொழியில் தெரிந்தால், தெருவில் எவரும் அவர்களை வதந்தியால் ஏமாற்ற முடியாது. அமெரிக்கத் தீர்வை போன்ற ஒன்று மீண்டும் வரும்போது வேலை இழப்பவருக்குச் சில மாதங்களுக்கேனும் கைகொடுக்கும் காப்புறுதி ஒன்று ஆடைத் துறைக்கு வேண்டும். 3 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நேரடியாக உழைக்கும் துறையில், நமது ஆடை ஏற்றுமதியில் ஏறத்தாழ 40 சதவீதம் ஒரே நாட்டுக்குப் போகும் நிலையில், இது அநாவசியக் கோரிக்கை அல்ல.

இவற்றில் எதைக் கேட்டாலும் உங்கள் சொந்த வாக்காளர்களுள் ஒரு பகுதியினர் கோபிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அறிவித்தல் காலம் கொடுத்தால் வியாபாரிகள் பதுக்குவார்கள் என்று சொல்வார்கள்; அந்த அச்சத்தில் நியாயம் உண்டு, அதற்குக் களஞ்சிய இருப்பைப் பதிவு செய்யும் முறை வேண்டும், எங்கள் தெருவில் சிலருக்கு அது பிடிக்காது. உருளைக்கிழங்குக்குப் பாதுகாப்பு என்றால் கொழும்பில் விலை ஏறும் என்பார்கள். ஏறும், எவ்வளவு ஏறும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கிளிநொச்சி உறுப்பினரும் நுவரெலியா உறுப்பினரும் கொழும்பு உறுப்பினரும் ஒரே மேசையில் அமர்ந்து, வெங்காயத்துக்கு எந்த மாதத்தில் எத்தனை ரூபா என்று வாதாடி ஒரு எண்ணுக்கு வந்தால், நாங்கள் அறிந்தவரை தமிழ் பேசும் அரசியலில் அப்படி நடப்பது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுக் கட்டளை அங்கீகாரத்துக்காகச் சபைக்கு வரும்போது அது பெரும்பாலும் வேறு விடயங்களோடு சேர்ந்து, ஆசனங்கள் காலியான வேளையில் நிறைவேறிப் போகிறது. அடுத்த தடவை அது வரும் நாளில் உங்களில் ஒருவரேனும் எழுந்து, இந்த வீதத்தை யார் கேட்டார்கள், எந்தக் கணக்கில் தீர்மானித்தார்கள், எத்தனை மாதத்துக்கு என்று தமிழில் கேளுங்கள். கேட்பதற்கு ஆவணம் வேண்டுமானால் என்னிடம் இருக்கிறது. 1989 முதல் நான் கைப்படக் கணக்கு வைத்த கொப்பிகளில் வெங்காயம், பருப்பு, சீனி, செத்தல் மிளகாய் ஆகிய நான்குக்கும் ஒவ்வொரு வீத மாற்றத்தின் திகதியும் அன்றைய புறக்கோட்டை மொத்த விலையும் பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறேன். அழைத்தால் அவற்றை எடுத்துக்கொண்டு குழு அறைக்கு வருகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
இறக்குமதி ஆவண எழுத்தர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு